மஞ்சள் வேனின் படிக்குக் கீழே

மே 10

ப்ளஸ் டூ வேதியியலில் ஃபெயில். மற்ற ஐந்திலும் பாஸ்.

அம்மாவிடம் நான் சொன்ன விளக்கம்: "நாலு டயரும் நல்லா இருக்கு, எஞ்சினும் நல்லா இருக்கு. ஸ்டெப்னி மட்டும்தான் பஞ்சர். வண்டி ஓடத்தானே செய்யும்?"

அம்மா அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "ஸ்டெப்னி இல்லாத வண்டிக்கு எஃப்.சி. கெடைக்காதுட்டி."

ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர் வீட்டில் பிறந்தால் ஃபெயிலுக்குத் திட்டுகூட ஆர்.டி.ஓ. பாஷையில்தான் வரும். ஜூன் 25 மறுபரீட்சை. அதுவரை ஃபோன் அம்மாவின் பீரோவில். அதனால்தான் இந்த டைரி. லைக் போட ஆள் இல்லாத ஸ்டேட்டஸ்.

மே 12

மாமா புது வீட்டுக்கு ஜன்னல் மாட்டியவர்கள் ஃபோம் டப்பாக்களை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அமுக்கினால் ஷேவிங் க்ரீம் மாதிரி வரும். கொஞ்ச நேரத்தில் இட்லி மாவு மாதிரிப் பொங்கும். அப்புறம் கல் மாதிரி இறுகிவிடும். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கை அடைக்கத்தான் அது.

என் அண்ணன் டெனிஸின் கிரிக்கெட் ஷூவில் இடுக்கு அதிகம் என்று எனக்குத் தோன்றியது.

காலையில் பார்த்தால் இரண்டு ஷூவிலும் தொப்பை. டெனிஸ் அழுதான். காலேஜ் போகிற பையன் அழலாமா? அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். அப்பா மட்டும் திட்டவில்லை. ஷூவைக் கையில் வாங்கி, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். டொக் டொக். இன்னொரு தடவை தட்டினார்.

தீர்ப்பு: வேனில் போகும் கனகம் ஆயா மகள் பிரசவத்துக்குப் போய்விட்டதால், ஸ்கூல் திறந்ததும் வேனில் ஆயா வேலை எனக்கு. இந்த ஜில்லாவிலேயே பல் எல்லாம் இருக்கிற ஒரே ஆயா நான்தான்.

மே 15

செல்லையன் அண்ணன் டிங்கரிங் பட்டறையில் இன்று மஞ்சள் மாநாடு. மே மாதம் எல்லா ஸ்கூல் வேனும் எஃப்.சி. காட்ட வேண்டும், ரோட்டில் ஓடத் தகுதி உண்டு என்கிற சர்ட்டிஃபிகேட்டுக்கு. அதற்கு முன்னால் ஓட்டை உடைசலைத் தட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடிக்க எல்லாரும் அங்கேதான் வருவார்கள். எங்கள் வேன் வரிசையில் கடைசி.

தள்ளுகதவுக்குக் கீழே நீளமாகப் போகிற தகரப் பெட்டி இருக்கிறதே, பிள்ளைகள் மிதித்து ஏறுகிற படி அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. செல்லையன் அண்ணன் குனிந்து கட்டைவிரலால் அமுக்கினார். விரல் உள்ளே போய்விட்டது. பப்படம் உடைந்த சத்தம்.

"சிகாமணி அண்ணே, இதுக்கு பட்டி பத்தாது. வெட்டி எடுத்திட்டு புதுத் தகடு வெச்சு வெல்டு பிடிக்கணும்."

"இருபதாந்தேதி எஃப்.சி. லே" என்றார் அப்பா.

"இந்த வரிசையப் பாரும். ஜூன் கடைசிலதான் நான் உமக்க வண்டியத் தொட முடியும்."

இருபதாம் தேதி தப்பினால் ஸ்கூல் திறக்கும்போது வேன் இருக்காது. வேன் இல்லாவிட்டால் ஸ்கூல்காரர்கள் நம் ரூட்டை அடுத்த வேனுக்குக் கொடுத்துவிடுவார்கள். இதை அப்பா சொல்லவில்லை. அப்பா வீடு வரும்வரை எதுவுமே சொல்லவில்லை. அது தாங்காமல் நான்தான் சொன்னேன்.

"டெனிஸ் ஷூவுக்குப் பாத்த வைத்தியத்த வேனுக்கும் பாப்பமா?"

அப்பா சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

மே 17

மாமா வீட்டில் மிச்சம் கிடந்த டப்பா எல்லாம் காலி.

டப்பாவில் போட்டிருந்தபடி முதலில் உள்ளே தண்ணீர் தெளித்தேன். ஈரம் பட்டால்தான் அது நன்றாக இறுகுமாம். அப்புறம் ஓட்டைகள் வழியாக டியூபை விட்டு அமுக்கினேன். வேனுக்குத் தாடி முளைத்தது. காய்ந்ததும் அப்பா கத்தியால் சவரம் செய்தார். மேலே பட்டி, உப்புத்தாள், மஞ்சள் பெயின்ட். முகம் பார்க்கலாம்.

எனக்கு இன்னொரு பாராட்டும் உண்டு. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது பெட்டியின் அடிப்பக்கத்திலும் துரு ஓட்டைகள். சின்னச் சின்னதாய், ஒரே அளவில், வட்டமாய், ஒரே கோட்டில். துருவுக்குக்கூட என்ன ஒரு ஒழுங்கு என்று வியந்துகொண்டே ஒன்று விடாமல் அடைத்தேன்.

"எல்லாம் அடச்சிட்டியா மக்ளே?"

"எறும்பு போகணும்னாகூட விசா வேணும்."

இதற்குச் சிரித்தார்.

மே 20

பாஸ். எனக்குக் கிடைக்காதது வேனுக்குக் கிடைத்துவிட்டது.

பிரேக் இன்ஸ்பெக்டர் சுற்றி வந்தார். ஹார்ன் அடிக்கச் சொன்னார், லைட் போடச் சொன்னார், படிமேல் நின்று பார்த்தார். பெட்டியை விரலால் தட்டினார். டொக் டொக். அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். திரும்பும் வழியில் அப்பா பழம்பொரி வாங்கித் தந்தார். எனக்கு இரண்டு, அவருக்கு ஒன்று. அவருடையதையும் நான்தான் தின்றேன். பசியில்லையாம்.

ஜூன் 2

ஸ்கூல் திறந்தது. மழையும் திறந்தது.

என் இடம் தள்ளுகதவுப் பக்கத்தில் மடக்கு சீட். பக்கத்தில் யு.கே.ஜி. ஜோவின். காற்று படாவிட்டால் வாந்தி எடுப்பானாம். அதனால் அவனுக்கும் கதவுப் பக்கம். ஏறியதும் என்னை விசாரித்தான்.

"நீ ஆயாவா, அக்காவா?"

"ஆயாக்கா."

"உனக்கு ஸ்கூல் இல்லியா?"

"எனக்கு ஸ்கூல் முடிஞ்சிட்டு. ஸ்கூலுக்குத்தான் என்கூட முடியல்ல."

யோசித்தான். பிறகு என் மடியில் வாந்தி எடுத்தான்.

ஜூன் 9

விடாத மழை. எங்கள் பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர். "ஒரு கிளாஸ் வெள்ளம் தா" என்று கேட்டால் வெளியூர்க்காரர்கள் பயந்துபோவார்கள். இந்த வாரம் வெள்ளம் இரண்டு அர்த்தத்திலும் வந்தது.

சர்ச் வளைவில் வேன் திரும்பும்போது காலுக்கடியில் ஒரு சத்தம். களக். நிமிரும்போது மறுபடி. களக்.

"ஆயாக்கா, வேனுக்கு வயித்தால போவுதா?" என்றான் ஜோவின்.

வேன் முழுக்கச் சிரிப்பு. படிக்குக் கீழே ஒரு முதலை வாடகைக்கு வந்திருக்கிறது என்று சொன்னேன். கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடனே ரோட்டைப் பார்த்தார்.

ஜூன் 11

இரண்டு நாளாக வெயில். ரோடு காய்ந்துவிட்டது. துணி காய்ந்துவிட்டது.

களக்.

ஜூன் 12

மறுபரீட்சைக்குப் படித்தேன். இரும்பு துருப்பிடிக்க மூன்று பேர் சேர வேண்டும்: இரும்பு, ஈரம், காற்று. எங்கள் வேனில் மூன்று பேரும் ஒரே ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு.

புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஜூன் 13

மழை மறுபடி பெய்து ஓய்ந்திருந்தது. ஸ்கூல் வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தோம். பக்கத்தில் இன்னொரு வேன், போன வருஷம் வாங்கியது. என் பேனா உருண்டு அதற்கு அடியில் போய்விட்டது. குனிந்தேன்.

அதன் பெட்டியின் அடியிலும் ஓட்டைகள். சின்னச் சின்னதாய், ஒரே அளவில், வட்டமாய், ஒரே கோட்டில். புது வண்டி. ஒரு பொட்டுத் துரு இல்லை. ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

துருவுக்கு ஒழுங்கெல்லாம் கிடையாது. அது தண்ணீர் வெளியே போவதற்குக் கம்பெனியே போட்ட வழி.

பேனாவை எடுக்கவில்லை.

ஜூன் 14

சனிக்கிழமை. அப்பா சந்தைக்குப் போன நேரம் வேனுக்கு அடியில் படுத்து, நான் அடைத்ததைக் குடைக்கம்பியால் குத்தினேன். கம்பி போனது. தண்ணீர் வரவில்லை. ஃபோம் முழுக்க நனைந்து பஞ்சாகியிருந்தது. கம்பியை இழுத்தால் டீத்தூள் நிறத்தில் இரண்டு சொட்டு. அவ்வளவுதான். இன்னொரு இடத்தில் குத்தினேன். கம்பி உடைந்து உள்ளேயே நின்றுவிட்டது.

வெளியே வந்தால் அப்பாவின் செருப்பு. அதற்கு மேலே அப்பா.

"அது தண்ணி போற ஓட்டைப்பா. நான் அடச்சிட்டேன்."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

சந்தைப் பையைக் கீழே வைத்தார். மீன் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"செல்லையன்கிட்ட மறுபடியும் சொல்லியிருக்கு. ஜூன் கடைசில எடுத்திருவான். அதுவரைக்கும் தாங்கும்."

"தாங்கல்லன்னா?"

"மெதுவாத்தான ஓட்டுதேன்."

"ஓட்டுததுல என்ன இருக்கு, பிள்ளையள் மிதிக்குததுல்லா..."

"மக்ளே." குரல் தாழ்ந்துவிட்டது. "இப்ப வண்டிய நிறுத்தினா ரூட்டு போவும். போனா திரும்பி வராது. யாரு என்ன கேட்டாலும் நாந்தான் செய்தேன்னு சொல்லுவேன். உனக்க பேரு வராது. நீ வாயத் தொறக்காம இரு, கேட்டியா?"

என் பேரை யார் கேட்டார்கள்? ஊரெல்லாம் வாய் பேசுகிற எனக்கு இன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

ஜூன் 17

புது விளையாட்டு: முதலைப் படி. படியை மிதிக்கிறவர்களை முதலை கவ்வும். அதனால் ஆயாக்கா தூக்கித்தான் ஏற்றுவாள், தூக்கித்தான் இறக்குவாள். பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். மூன்றாம் கிளாஸ் தடியன்கள்கூட "என்னையும் தூக்கு" என்று வரிசையில் நிற்கிறார்கள்.

ஜோவினின் அம்மா ஷீபா அக்கா கேட்டில் நின்று பார்த்துச் சிரித்தார். "ஏன் பிரிஸ்கா, எனக்க பிள்ளைக்குக் கால் இல்லியா?"

"இளவரசர் கால் தரையில படக்கூடாதுக்கா."

"வீட்டுக்குள்ளயும் தூக்கணும்னு அடம் பிடிக்கான். உன்னாலதான்."

சும்மா ஒரு ஜாலிக்கு. வேறொன்றுமில்லை. அம்மா தோளில் தைலம் தேய்த்துவிட்டாள்.

ஜூன் 18

ஜோவினைக் கதவுப் பக்கத்திலிருந்து உள்பக்கம் மாற்றினேன். வாந்தி. சட்டை, பாவாடை, வேதியியல் புத்தகம். பரவாயில்லை.

ஜூன் 20

படியோரம் பெயின்டில் கொப்புளம். பூரி மாதிரி உப்பி, நடுவில் பழுப்பு. விரலால் தொட்டேன். விரல் போய்விட்டது. உள்ளே குளிர்ந்து, சொதசொதவென்று.

மத்தியானம் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு புது ஸ்டிக்கர். 'பள்ளிக் குழந்தைகள். கவனம்.' அப்பாதான் ஒட்டியிருக்கிறார். குமிழ் இல்லாமல், நேராக, துணியால் நீவி. அப்பா எந்த வேலையும் சுத்தமாகச் செய்வார்.

இதை வைத்து ஒரு ஜோக் எழுத உட்கார்ந்தேன்.

ஜூன் 22

செல்லையன் அண்ணன் வெல்டிங் மெஷின் ரிப்பேராம். ஜூலை பாதி ஆகுமாம். அப்பா "சரிலே, சரிலே" என்று ஃபோனை வைத்தார்.

25 அன்று எனக்குப் பரீட்சை. வேனில் எனக்குப் பதில் அம்மா போவாள். அம்மாவுக்கு ஃபோம் தெரியும், அடைத்தது தெரியும். அது இப்போது எப்படி இருக்கிறது என்பது தெரியாது.

"எம்மா, பிள்ளையள தூக்கி எறக்கணும். படிய மிதிக்க விடக்கூடாது."

"எனக்க முட்டு இருக்க இருப்புல நான் தூக்கவா? அவனுவளுக்கு முதலை கிதலைன்னு சொல்லி நீதான் கெடுத்து வெச்சிருக்க. தானே எறங்கட்டும்."

"எம்மா, ஒரு நாள்தான..."

"நீ போயி படி."

'படி' என்று சொன்னால்கூட இப்போது எனக்கு வேனின் படிதான் காதில் விழுகிறது.

அப்பா மீன் முள்ளை எடுத்துக்கொண்டே இருந்தார். முள் இல்லாத துண்டிலும் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 24

மழை. காய்ச்சல் வருகிறதா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வரவில்லை. தேவையில்லாதபோது மட்டும் வரும்.

மூன்று மணி நேரம் பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே விட மாட்டார்கள். அந்த நேரத்தில் யு.கே.ஜி. விட்டுவிடும்.

ஜூன் 25

பரீட்சை எழுதினேன். துருவைப் பற்றி ஒரு இரண்டு மார்க் கேள்விகூட வரவில்லை. காலில் கட்டு போட்டுக்கொண்டு எழுதினேன். அந்தக் கதையைத்தான் எழுத வேண்டும்.

காலையில் அப்பா வேனை ஸ்டார்ட் செய்தார். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முன்கதவு வழியாக ஏறி அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஹால் டிக்கெட்டும் பையுமாக வாசலில் நின்றேன். பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டியவள்.

"அப்பா, ஒரு நிமிஷம்."

தள்ளுகதவைத் திறந்தேன். படிமேல் ஏறி நின்றேன். குதித்தேன்.

"எட்டி, என்ன கூத்து இது? பரீட்சைக்கு நேரமாவுது!" அம்மா.

மறுபடி குதித்தேன். கீழே ஏதோ முனகியது.

"பிரிஸ்கா!" அப்பா எஞ்சினை நிறுத்தவில்லை. "எறங்கு! வேண்டாம்!"

அவர் வேண்டாம் என்று கத்தியபோதுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும். மூன்றாவது தடவை இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கிக் குதித்தேன்.

படி போய்விட்டது. வலது கால் முழங்கால்வரை பெட்டிக்குள் இறங்கி நின்றது. வெளியே எடுக்க முடியவில்லை. மேலே கிழிந்த தகரம், சுற்றிலும் நனைந்த ஃபோம். அசைத்தால் தகரம் கடிக்கிறது. பெட்டி பிளந்த இடத்திலிருந்து தண்ணீர் கொட்டியது. ஒரு மாதத்து மழை. பழுப்பு நிறம், கெட்டுப்போன வாடை, மஞ்சள் துண்டு துண்டாக ஃபோம். வாசல் முழுக்க ஓடி, ரோட்டுக்குப் போய், சாக்கடையில் விழுந்தது. நிற்பேனா என்றது.

அப்பா ஓடி வந்து மண்ணில் முட்டி போட்டார். தகரத்தை இரண்டு கையாலும் வளைத்தார். என் காலைப் பிடித்து மெதுவாக, ஒரு பக்கமாகத் திருப்பி வெளியே எடுத்தார். கெண்டைக்காலில் நீளமாக ஒரு கீறல். ஆழமில்லை. அம்மா முந்தானையைக் கிழிக்கப் போனாள். துண்டு இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருந்தது.

அப்பா அந்த ஓட்டையையே பார்த்தார். பிறகு அதற்குள் தன் கையை விட்டார். முழங்கைவரை போயிற்று. கையை அங்கேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அது எவ்வளவு பெரிய காலுக்கான ஓட்டை, எவ்வளவு சின்னக் கால் அதில் எதுவரை போகும் என்று அவர் கணக்குப் போட்டாரா, தெரியாது. நான் போட்டேன்.

"வேன் வராதுன்னு எல்லாருக்கும் ஃபோன் பண்ணுங்க. ரிப்பேருன்னு சொல்லுங்க" என்றாள் அம்மா. அழுதுகொண்டேதான்.

அப்பா ஃபோனை எடுத்தார். திரும்ப சட்டைப் பைக்குள்ளேயே போட்டார். ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"நேர்ல போயி சொல்லுதேன்."

"நானும் வாரேன்" என்றேன்.

"நீ ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி போடு. பரீட்சைக்குப் போ."

"பரீட்சை பத்து மணிக்குத்தான். அடச்சது நான்."

"ஓட்டுனது நான்."

இரண்டு பேரும் அசையவில்லை. கடைசியில் அவர் ஸ்கூட்டரைச் சாய்த்துப் பிடித்தார், நான் கட்டுப் போட்ட காலைத் தூக்கி ஏற.

முதலில் ஷீபா அக்கா வீடு. ஜோவின் மழைக்கோட்டும் பையும் வாட்டர் பாட்டிலுமாக கேட்டுக்குள் நின்றான். ஸ்கூட்டரைப் பார்த்ததும், "வேன் குட்டி போட்டிருக்கு!" என்றான். நல்ல ஜோக். நான் சிரிக்கவில்லை.

"என்ன அண்ணே, வேன் எங்க?"

"வேன்..." அப்பா நிறுத்தினார். ரிப்பேர் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும் என்றும் பயந்தேன். "படி அழுகிப் போச்சு ஷீபா. இன்னைக்கு ஒடஞ்சிட்டு. எஃப்.சி.க்கு முன்னாலயே அழுகினதுதான். மூடி மறச்சு, பெயின்ட் அடிச்சு ஓட்டினேன். தெரிஞ்சுதான் ஓட்டினேன்."

ஷீபா அக்கா என் காலைப் பார்த்தார். துண்டில் ஊறியிருந்த சிவப்பைப் பார்த்தார். பிறகு ஜோவினின் ஷூவைப் பார்த்தார்.

"அதனாலதான் நீ தூக்கி எறக்கினியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் திட்டவில்லை. குனிந்து, ஜோவின் தோளிலிருந்து பையைக் கழற்றினார். ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், நடக்கத் தெரிந்த பிள்ளையை. உள்ளே போய் கேட்டைச் சாத்தினார். அறைந்து சாத்தியிருக்கலாம். சத்தமே இல்லாமல் கொண்டியைப் போட்டார்.

அப்பா ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டே நடந்தார். ஸ்டார்ட் செய்யவில்லை. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மழை அவர் பிடரியில் விழுந்து சட்டைக்குள் போனது.

அடுத்த வீட்டு கேட் பூட்டியிருந்தது. இன்னும் யாரும் வெளியே வந்திருக்கவில்லை. அவர் ஸ்டாண்ட் போட்டார். பெல்லை அமுக்க நான் எட்டினேன்.

என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, அப்பாவே அமுக்கினார்.